மூளை அழற்சி வந்தவரை வீட்டில் வைத்துப் பார்ப்பது எப்படி

காய்ச்சல் விட்டு, ஆள் எழும்பி நடந்து, ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். நாங்கள் அப்படித்தான் நினைத்தோம். அண்ணாவுக்கு மூளை அழற்சியைக் கொண்டுவந்தது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ், உதட்டோரம் கொப்புளம் போடுகிற அதே வைரஸ். அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தை மூன்று கிழமை நாளத்தில் ஏற்றி உயிரைக் காப்பாற்றினார்கள். ஆனால் அந்த வைரஸ் கூடுதலாகத் தாக்குவது காதுப்பக்கமாக உள்ள மூளை மடலை, புது ஞாபகம் பதிகிற இடமும் அங்கேதான். பள்ளிக்கூடக் கதை முழுக்கச் சொல்வார், காலையில் சாப்பிட்டது இடியப்பமா பாணா என்று கேட்டால் வாயில் வந்ததைச் சொல்வார். அது பொய் இல்லை. வாதாடாதீர்கள்.

ஒரு கொப்பி வாங்குங்கள். குடித்த மருந்து, வந்துபோன ஆள் எல்லாவற்றையும் நேரம் போட்டு அவரே எழுதட்டும். திறப்பு, கண்ணாடி, ஃபோன் மூன்றுக்கும் ஒரே தட்டு.

பெரிய வேலை, பார்க்க வருகிற சனத்தைச் சமாளிப்பதுதான். "என்னைத் தெரியுதோ, ஆரெண்டு சொல்லு பாப்பம்" என்று ஆளாளுக்குப் பரீட்சை வைப்பார்கள். பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே வாங்கோ, ஒராள் ஒராளாகக் கதையுங்கோ, கால் மணித்தியாலத்தில் எழும்புங்கோ என்று படலையிலேயே சொல்லிவிடுங்கள், கோபித்தால் கோபிக்கட்டும். முதல் வருடம் நல்லூர்த் தேருக்குக் கூட்டிப்போகவும் வேண்டாம். சனமும் மேளமும் ஒலிபெருக்கியும் சேர்ந்தால் பின்னேரம் எரிந்து விழுவார், அடுத்த நாள் முழுக்கப் படுப்பார். சொந்தக்காரர் அதைச் சோம்பல் என்பார்கள். மூளை களைத்துப்போய்க் கிடக்கிறது, அவ்வளவுதான்.

வலிப்பு மாதங்கள் கழித்தும் வரலாம். அதனால் கிணற்றடியில் தனியே குளிக்கக்கூடாது, குளியலறைக் கதவுக்குக் கொண்டி போடக்கூடாது, டொக்டர் சொல்லும்வரை மோட்டார் சைக்கிளைத் தொடக்கூடாது. வந்தால் பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து மணிக்கூட்டைப் பாருங்கள்; கையில் இரும்பும் வேண்டாம், வாயில் கரண்டியும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். இப்போது வருவதில்லைதானே என்று குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று, எங்களுக்கு யாரும் சொல்லாதது. தேறிக்கொண்டு வந்தவர் சில கிழமைகளில் திரும்பக் குழம்பி, வாயோ கையோ தன்பாட்டில் அசையத் தொடங்கினால், உடம்பின் எதிர்ப்புச்சக்தியே மூளையைத் தாக்குவதாகவும் இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. அன்றே கொண்டுபோங்கள்.

கிளினிக்குக்கு அவரோடு ஒரே வீட்டில் இருக்கிற ஆள்தான் போகவேண்டும், கொப்பியோடு. அவரைக் கேட்டால் "சுகமாத்தான் இருக்கிறன்" என்பார்.