ஜிமேட் தயாரிப்பு: மாதிரித் தேர்வுகளை அவசரமாகத் தீர்த்துவிடாதீர்கள்

சனிக்கிழமைதோறும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஐந்தாறு பேர் கூடி ஜிமேட்டுக்கு, அதாவது எம்பிஏ போன்ற மேலாண்மைப் படிப்புகளில் சேர எழுதும் நுழைவுத் தேர்வுக்கு, படிக்கிறார்கள். எழுதி முடித்தவன் என்ற முறையில் நானும் போய் உட்காருவேன். போன வாரம் புதிதாக வந்த தம்பி, "அண்ணே, மூன்று வாரத்தில் நாலு மாக் டெஸ்ட் முடிச்சிட்டேன்" என்றார். எனக்குப் பகீரென்றது. 2024-இல் நான் செய்ததும் இதேதான். நன்றாகத் தூங்குங்கள், நேரத்தோடு கிளம்புங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

மாதிரித் தேர்வையே படிப்பாக நினைப்பது

தேர்வை நடத்துபவர்களே தரும் மாதிரித் தேர்வுகள் மொத்தம் ஆறு. முதல் இரண்டு இலவசம், மற்றவை காசு. நாம் பதில் சொல்லச் சொல்ல அடுத்த கேள்வியின் கடினம் மாறுவது நிஜத் தேர்வில் இருப்பது போலவே இவற்றிலும் இருக்கும். அதனால்தான் இவற்றுக்கு இவ்வளவு மதிப்பு.

நான் ஆறையும் ஒரே மாதத்தில் எழுதித் தள்ளினேன். அப்புறம் முதலிலிருந்து மறுபடியும். முன்பு 565 வந்த தேர்வில் இப்போது 655. அம்மாவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். ஆனால் நடந்தது வேறு. ஒரு பொருளின் விலையை 20% ஏற்றி, பிறகு 20% குறைத்தால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி. படித்து முடிப்பதற்குள் கை '4% குறைவு' என்ற விடைக்குப் போய்விட்டது. கணக்குப் போடவே இல்லை. ஏற்கெனவே பார்த்த கேள்வி. இப்படிப் பத்துப் பன்னிரண்டு கேள்விகள். அவற்றில் மிச்சமான நேரம் மற்றவற்றுக்குக் கிடைத்தது, மதிப்பெண் ஏறியது. நிஜத் தேர்வில் 575.

தேர்வுக் கட்டணம் ரிங்கிட்டில் ஆயிரத்தைத் தாண்டும். அதைவிட, அந்த ஆண்டு கல்லூரி விண்ணப்பத்தின் முதல் சுற்றே கைநழுவிப் போனது. இன்றைக்கும் நினைத்தால் ஆத்திரம் வருகிறது. மறுபடி எழுத 16 நாள் இடைவெளி போதும்தான். ஆனால் என் நிலையைச் சரியாகக் காட்டப் புதிய மாதிரித் தேர்வு ஒன்றுகூட மிச்சமில்லை.

அந்தத் தம்பிக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். தொடக்கத்தில் ஒன்று எழுதுங்கள், எங்கே நிற்கிறோம் என்று தெரிய. பிறகு ஆறேழு வாரம் பாடங்களை மட்டும் படியுங்கள். அடுத்ததை அதற்கப்புறம் திறக்கலாம். ஒவ்வொரு தேர்வுக்கும் பின்னால் இரண்டு மாலைகளை ஒதுக்குங்கள். தவறிய கேள்வியை, விளக்கத்தைப் பார்க்காமல், நேரக் கட்டுப்பாடு இல்லாமல் மறுபடி போடுங்கள். இப்போது சரியாக வந்தால் குறை வேகத்திலோ கவனத்திலோ இருக்கிறது. வராவிட்டால் அந்தப் பாடமே தெரியவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. ஊகித்துச் சரியானவற்றையும் தவறாகவே எண்ணுங்கள். கடைசித் தேர்வு ஒன்றையாவது பரீட்சைக்கு ஒரு வாரம் முன்புவரை தொடாமல் வையுங்கள்.

அண்ணன் படித்த புத்தகம்

2024 பிப்ரவரி முதல் தேர்வின் பழைய வடிவம் இல்லை. கட்டுரை இல்லை, இலக்கணத் திருத்தம் இல்லை, முக்கோணமும் வட்டமும் இல்லை. ஒரு தங்கை, அண்ணனின் பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் வட்டத்தின் பரப்பளவில் செலவழித்திருந்தார்.

கால்குலேட்டர் பழக்கம்

அட்டவணை, வரைபடம் போன்ற தரவுகளைப் படித்துப் பதில் சொல்லும் டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் மட்டும்தான் கால்குலேட்டர் தருவார்கள். கணக்குப் பகுதியில் கையால்தான்.

ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டுவது

கணக்கில் 45 நிமிடத்துக்கு 21 கேள்விகள். ஒன்றுக்கு இரண்டு நிமிடம் சொச்சம். மூன்று நிமிடம் ஆகியும் பிடிபடவில்லையா, ஒரு விடையைத் தட்டிவிட்டு, குறியிட்டு நகருங்கள். பகுதியின் முடிவில் நேரம் மீந்தால் திரும்பி வந்து மூன்று விடைகள் வரை மாற்றலாம். கடைசிக் கேள்விகளைத் தொடாமலே விட்டால் மதிப்பெண் வெட்டுப்படும்.

பெயர்

பதிவில் தரும் பெயர் கடப்பிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். மலேசியாவில் நம் பெயர்களில் ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) வருவதாலும் குடும்பப் பெயர் என்று தனியாக இல்லாததாலும் படிவத்தில் குழப்பம் வரும். பதிவு செய்த அன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் தேர்வை நடத்துபவர்களுக்கு உடனே எழுதிக் கேளுங்கள். தேர்வு மையத்தின் வாசலில் நின்று விளக்கம் சொல்ல நேரம் இருக்காது.