நோட்டீஸ் அடித்தால் எடை குறையாது: உடல் பருமன் தடுப்புக் கூட்டமைப்புகள் சறுக்கும் இடங்கள்

உடல் பருமனைத் தடுக்க ஊர் கூடி ஒரு கூட்டமைப்பு தொடங்கும்போது, முதல் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டும் விஷயம் ஒன்று உண்டு: தனி மனிதரைக் குறை சொல்லிப் பயனில்லை, சூழலைத்தான் மாற்ற வேண்டும். இரண்டாவது கூட்டத்தில் எடுக்கும் முடிவு, விழிப்புணர்வு நோட்டீஸ் அடிப்பது. மூன்றாவது கூட்டத்தில் நடைப்பயணம், அதற்கு டி-சர்ட் என்ன நிறம் என்ற விவாதம்.

பேச்சில் சூழல், கையில் நோட்டீஸ். கூட்டமைப்புகள் செய்யும் தவறுகளில் முதலாவதும் பெரியதும் இதுதான். காரணம் புரியாததல்ல. நோட்டீஸ் அடிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், யாரும் எதிர்க்க மாட்டார்கள், ஒரு வாரத்தில் வேலை முடிந்துவிடும், போட்டோவும் கிடைக்கும். பள்ளி வாசலில் ஒரு வேகத்தடை போட வைக்க வேண்டும் என்றால் நாலு அலுவலகம் ஏற வேண்டும்.

நடப்பது நல்லது என்று தெரியாதவர் யார்? 1990-க்கும் 2022-க்கும் இடையில் உலகத்தில் உடல் பருமன் உள்ள பெரியவர்களின் விகிதம் இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிவிட்டது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 32 ஆண்டுகளில் மனிதர்களின் மன உறுதி பாதியாகிவிட்டதா என்ன? மாறியது சுற்றுப்புறம். அதை விட்டுவிட்டு மக்களுக்குப் பாடம் எடுப்பது, ஓட்டைப் படகில் இருப்பவருக்கு நீச்சலின் நன்மைகளை விளக்குவது போல.

ஒரு பள்ளியின் தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொள்வோம். வளாகத்தில் குழாய் இருக்கிறது, கணக்குப்படி குறை இல்லை. ஆனால் அது கழிப்பறைச் சுவரை ஒட்டி இருக்கிறது. மதியத்தில் தண்ணீர் சூடாக வருகிறது, பாட்டிலை அடியில் வைத்தால் சாய்கிறது. பத்தடி தள்ளி சில்லென்ற இனிப்புப் பானம் விற்கிறது. இந்தப் பள்ளியில் 'தண்ணீர் குடியுங்கள்' என்று எத்தனை போஸ்டர் ஒட்டினாலும் பிள்ளைகள் எங்கே போய் நிற்பார்கள் என்பது தெரிந்ததுதான்.

ஜெர்மனியில் தோர்ட்முண்ட், எஸ்ஸன் ஆகிய இரு நகரங்களின் தொடக்கப் பள்ளிகளில் 2006-07-இல் ஓர் ஆய்வு நடந்தது. பள்ளிகளில் குளிர்ந்த குடிநீர் தரும் குழாய்களை வைத்தார்கள், பிள்ளைகளுக்கு பாட்டில் கொடுத்தார்கள், வகுப்பில் தண்ணீரைப் பற்றிச் சில பாடங்களும் நடத்தினார்கள். ஒரே கல்வியாண்டில், குழாய் வைக்காத பள்ளிகளோடு ஒப்பிட்டபோது அதிக எடை ஏற்படும் அபாயம் 31 சதவீதம் குறைவாக இருந்தது. பாடமும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பாடம் முடிந்து வெளியே வந்த பிள்ளைக்கு, சொன்ன தண்ணீர் கண்ணெதிரே, குடிக்கத் தோன்றும் விதத்தில் இருந்தது.

அதனால் எந்தத் திட்டம் மேசைக்கு வந்தாலும் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இது நடந்தால் நாளைக் காலை யாருக்கு எது சுலபமாகும்? பதில் சொல்ல முடியாவிட்டால் அது அநேகமாக நோட்டீஸ்தான், பெயர் வேறு.

இதற்கு நேர் எதிரான சறுக்கலும் உண்டு. கட்டிடம் கட்டிவிட்டால் போதும் என்று நினைப்பது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில், நல்ல உணவு கிடைக்காத ஒரு பகுதியில் புதிய சூப்பர் மார்க்கெட் திறக்கப்பட்டபோது, அந்தப் பகுதி மக்களின் பழக்கம் மாறியதா என்று ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 2014-இல் முடிவு வெளியானது. கடை கிட்டத்தில் வந்துவிட்டது என்பது மக்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் சாப்பிடும் பழம், காய்கறியின் அளவும் மாறவில்லை, எடையும் மாறவில்லை. விலை, சமைக்க நேரம், எத்தனையோ ஆண்டுப் பழக்கம் எல்லாம் அப்படியே இருக்கும்போது கடையின் தூரம் மட்டும் குறைந்து என்ன ஆகும்? சூழல் என்பது ஒரு பொருள் அல்ல, பல கண்ணிகள் சேர்ந்த சங்கிலி. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டுக் காத்திருப்பது வீண்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், சோமர்வில் நகரத்தில் 2002-இல் தொடங்கிய முயற்சி அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது இதனால்தான். டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து பள்ளிச் சமையலறையைத் தொட்டார்கள், பள்ளிக்கு நடந்து போகும் வழியைத் தொட்டார்கள், உணவகங்களோடு பேசினார்கள், பெற்றோரையும் மருத்துவர்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பிரமாதம் இல்லை. எல்லாம் ஒரே பிள்ளையின் ஒரே நாளைச் சுற்றி இருந்தன, அவ்வளவுதான்.

சரி, மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? டாக்டர், அதிகாரி, பேராசிரியர், தொண்டு நிறுவன இயக்குநர். கூட்டம் செவ்வாய்க்கிழமை மாலை மூன்று மணிக்கு. வேலைக்குப் போகிறவரால் வர முடியாது, கைக்குழந்தை உள்ளவராலும் முடியாது. பிறகு அறிக்கையில் 'மக்கள் பங்கேற்பு குறைவு' என்று எழுதுவார்கள்! மக்கள் பிரதிநிதி என்று ஒருவரை மட்டும் பெயருக்குச் சேர்ப்பதும் இதே ரகம். பூங்காவில் விளக்கு எரியாததும், எந்தத் திருப்பத்தில் நாய் துரத்தும் என்பதும், சாயங்காலம் பெண்கள் ஏன் அந்தப் பக்கம் நடப்பதில்லை என்பதும் அங்கே குடியிருப்பவருக்குத்தான் தெரியும். கூட்டத்தை அவர்களுடைய நேரத்துக்கு மாற்றுங்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். இன்னும் நல்லது, கூட்டத்தையே தெருவில் நடந்தபடி நடத்துவது.

அடுத்தது அளவுகோல். முதல் ஆண்டு முடிந்ததும் எடை குறைந்ததா என்று கேட்பது, விதை போட்ட மறுநாள் தோண்டிப் பார்ப்பதற்குச் சமம். ஆஸ்திரேலியாவின் கோலாக் என்ற சிறிய ஊரில் 2003 முதல் 2006 வரை நடந்த சமூகத் திட்டம் வெற்றி என்று கணக்கிடப்படுகிறது. அந்த வெற்றியின் அளவு என்ன தெரியுமா? மூன்று ஆண்டுகளில், ஒப்பிட்ட மற்ற பகுதிப் பிள்ளைகளைவிட அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சராசரியாக ஏறக்குறைய ஒரு கிலோ குறைவாக எடை கூடியிருந்தது, இடுப்புச் சுற்றளவில் சுமார் மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம். சராசரி எடை 'குறையவில்லை' என்பதைக் கவனியுங்கள், கூடும் வேகம்தான் குறைந்தது. வளரும் பிள்ளைகளிடம் எதிர்பார்க்க வேண்டியதும் அதுதான். கண்ணால் பார்த்தால் தெரியாது, ஊர் முழுக்கக் கூட்டினால் பெரிய விஷயம். ஆகவே முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வேறு எண்களை எண்ணுங்கள்: எத்தனை பிள்ளைகள் நடந்து வருகிறார்கள், எத்தனை குழாய்கள் வேலை செய்கின்றன, பள்ளியில் எத்தனை இனிப்புப் பான பாட்டில்கள் விற்கின்றன.

எண்ணுகிறேன் பேர்வழி என்று பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, எடையைச் சத்தமாகப் படித்துப் பதிவேட்டில் எழுதும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். தலை இல்லாமல் தொந்தியை மட்டும் காட்டும் போஸ்டரும் இதே வகைதான். கேலிக்கு ஆளானவர் மெலிவதில்லை, ஒதுங்குகிறார். மருத்துவரிடம் போவதையும் மைதானத்துக்கு வருவதையும் தவிர்க்கிறார்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதில் பலருக்குக் கூச்சம். இனிப்புப் பான நிறுவனம் ஓட்டப்பந்தயத்துக்கு ஸ்பான்சர் செய்கிறது, பணம் நல்ல காரியத்துக்குத்தானே போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். 2015-இல் அமெரிக்காவில் கோகோ கோலா நிறுவனத்தின் நிதியில் இயங்கிய ஒரு ஆய்வாளர் அமைப்பு, உணவைவிட உடற்பயிற்சிக் குறைவையே அதிகம் பேசுகிறது என்று கடும் விமர்சனத்துக்கு உள்ளாகி, அந்த ஆண்டு முடிவதற்குள் கலைந்துபோனது. ஸ்பான்சர் வாயை மூடச் சொல்ல வேண்டியதே இல்லை. எந்தத் தலைப்பு அடுத்த கூட்டத்தில் பேசப்படாமல் போகிறது என்று பாருங்கள், புரிந்துவிடும். யாரிடம் வாங்கமாட்டோம் என்பதை, பணம் தேவைப்படுவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுவது நல்லது.

வேறு ஊரில் ஜெயித்ததை அப்படியே பெயர்த்து வைப்பதும் ஆபத்து. 2000-களில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிஜி, டோங்கா ஆகிய நான்கு நாடுகளிலும் ஒரே வகையான திட்டங்கள் நடந்தன. ஆஸ்திரேலியாவில் பலன் தெரிந்தது, டோங்காவில் எடையில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. கொள்கையை இரவல் வாங்கலாம், செயல் பட்டியலை வாங்கக்கூடாது.

கடைசியாக, எல்லாவற்றையும் ஒருவர் தலையில் கட்டுவது. பெரும்பாலான கூட்டமைப்புகளில் போன் செய்து ஆள் சேர்ப்பது, கடிதம் எழுதுவது, அலுவலகத்தில் காத்திருப்பது எல்லாம் ஒரே ஆள், அதுவும் சம்பளம் இல்லாமல். அவர் சோர்ந்தாலோ வேலை மாறினாலோ கூட்டமைப்பு வாட்ஸப் குழுவாகச் சுருங்கி, அப்புறம் காலை வணக்கப் படங்கள் மட்டும் வரும். ஒருங்கிணைப்பாளருக்குச் சம்பளம் ஒதுக்குவதை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். அதைவிட முக்கியம், செய்த வேலை ஆட்களின் ஆர்வத்தை நம்பி இல்லாமல் விதியாக மாறுவது: பள்ளியின் கொள்முதல் ஒப்பந்தத்தில் ஒரு வரி, நகராட்சியின் வருடாந்திரப் பராமரிப்புப் பட்டியலில் ஒரு வரி. மூன்றாம் ஆண்டில் அந்தக் குழாயின் வடிகட்டியை மாற்றுவது யார் பொறுப்பு, செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதெல்லாம் குழாய் திறப்பு விழாவுக்கு முன்பே தாளில் ஏறியிருக்க வேண்டும்.