முதலில் பெயர்களைச் சரிபாருங்கள்

ஆர் என்ற நிரல்மொழியில் பரிணாம மரங்களோடு (எந்த உயிரினம் எதற்கு நெருங்கிய உறவு என்று காட்டும் கிளைப் படங்களோடு) வேலை செய்ய வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த பேக்கேஜ் போடணும்?" என்பதுதான். மரத்தைப் படிக்கவும் வெட்டவும் ஏப், பெயர் சரிபார்க்க கைகர், படம் வரைய ஃபைட்டூல்ஸ், ஒரு பண்பு இன்னொன்றோடு எப்படி மாறுகிறது என்று பார்க்கும் ரிக்ரஷனுக்கு என்எல்எம்ஈ. என் வேலை பெரும்பாலும் இவற்றிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் ஆட்கள் தடுக்கி விழுவது பேக்கேஜில் அல்ல, சிற்றினப் பெயர்களில்.

நானே விழுந்திருக்கிறேன். பாலூட்டிகளின் உடல் எடையையும் ஆயுளையும் ஒப்பிடும் வேலை அது. எக்செல்லில் அட்டவணையை எடை வாரியாக ஒருமுறை வரிசைப்படுத்திவிட்டு மறந்துபோனேன். அப்புறம் இரண்டு பத்திகளையும் வெறும் எண்களாக எடுத்து, உறவுச் சிற்றினங்களுக்கு இடையிலான வித்தியாசங்களை (கான்ட்ராஸ்ட்) கணக்கிடும், ஏப்பில் உள்ள பிக் ஃபங்ஷனிடம் கொடுத்தேன். எண்களோடு பெயர் ஒட்டியிருந்தால் அது மரத்தின் நுனிகளோடு (ஒவ்வொரு நுனியும் ஒரு சிற்றினம்) பொருத்திக்கொள்ளும். இல்லாவிட்டால், மரத்தின் நுனிகள் இருக்கும் அதே வரிசையில்தான் எண்களும் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். எரர் இல்லை, வார்னிங் இல்லை. அழகான முடிவு வந்தது. இரண்டு நாள் மகிழ்ச்சியாக இருந்தேன். படத்துக்காக ஒவ்வொரு நுனியின் பக்கத்திலும் எடையை எழுதவைத்தபோதுதான் தெரிந்தது, என் மரத்தில் சுண்டெலி நாலு டன்.

அதனால் இப்போது என் வரிசை இதுதான். மரக் கோப்பை முதலில் சாதாரண எடிட்டரில் திறந்து கண்ணால் பாருங்கள். மரத்தை எழுத்தில் எழுதும் நியூவிக் வடிவம் இப்படி இருக்கும்:

((சிங்கம்:4,புலி:4):6,நாய்:10);

அடைப்புக்குள் இருப்பவை நெருங்கிய உறவு, முக்காற்புள்ளிக்குப் பின் வருவது கிளை நீளம் (இங்கே எண்கள் சும்மா உதாரணத்துக்கு). கடைசி அரைப்புள்ளி விடுபட்டால் கோப்பு சரியாகப் படிக்காது. 1986இல் இந்த வடிவத்தை முடிவு செய்த குழு கூடிய உணவகத்தின் பெயர்தான் நியூவிக். ஏதோ பெரிய விஞ்ஞானி என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

மரத்தில் பேரினப் பெயருக்கும் சிற்றினப் பெயருக்கும் நடுவே பெரும்பாலும் அடிக்கோடு இருக்கும், அட்டவணையில் வெற்றிடம் இருக்கும். வெற்றிடத்தை அடிக்கோடாக மாற்றுங்கள். பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றிடத்தையும் நறுக்குங்கள், அது கண்ணுக்கே தெரியாது. பிறகு சிற்றினப் பெயர்களை அட்டவணையின் வரிசைப் பெயர்களாக்கி, கைகரின் நேம்செக்கை ஓட்டுங்கள். மரத்தில் மட்டும் இருப்பவை, அட்டவணையில் மட்டும் இருப்பவை என இரண்டு பட்டியல் தரும். உடனே எல்லாவற்றையும் வெட்டி எறியாதீர்கள். பட்டியலில் பாதி, பழைய அறிவியல் பெயருக்கும் புதியதற்கும் உள்ள தகராறாகவே இருக்கும். அவற்றைக் கையால் திருத்துங்கள். மிச்சத்தில், மரத்தில் மட்டும் இருப்பவற்றை ஏப்பின் ட்ராப்டிப் கொண்டும், அட்டவணையில் மட்டும் இருப்பவற்றை அட்டவணையிலிருந்தும் நீக்கிவிட்டு, அட்டவணையை மரத்தின் நுனி வரிசைக்கு மாற்றி அடுக்குங்கள். நுனியில் எண்களை எழுதி ஒரு படம் வரைந்து பார்த்துவிடுங்கள்.

மற்றது சுலபம். எடை போன்ற பண்புகளுக்கு லாக் எடுங்கள். ஃபெல்சன்ஸ்டைன் 1985இல் சொன்ன கான்ட்ராஸ்ட் முறையில் போவதானால், ரிக்ரஷன் கோடு பூஜ்யத்தின் வழியாகத்தான் போக வேண்டும். நான் பெரும்பாலும் என்எல்எம்ஈயின் ஜிஎல்எஸ் என்ற ரிக்ரஷன் ஃபங்ஷனோடு, சிற்றினங்களின் உறவைக் கணக்கில் எடுக்கும் ஏப்பின் கார்பேகலைச் சேர்த்துக்கொள்கிறேன். அதில் ஃபார்ம் என்ற இடத்தில் சிற்றினப் பத்தியைக் கட்டாயம் குறிப்பிடுங்கள், இல்லையென்றால் பழைய சுண்டெலிக் கதைதான். கார்பேகல் கணிக்கும் லாம்டா (மரத்தின் உறவு தரவில் எவ்வளவு தெரிகிறது என்பதன் அளவு) சில சமயம் 0க்குக் கீழே போகும், அல்லது 1ஐத் தாண்டும். அப்போது அந்த எண்ணை அப்படியே எழுதாமல், 0 முதல் 1 வரை சில மதிப்புகளில் லாம்டாவை நிறுத்தி ஓட்டி, லைக்லிஹுட் (அந்த மதிப்பு தரவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பது) எங்கே உச்சம் தொடுகிறது என்று பாருங்கள். சிற்றினங்கள் இருபது முப்பதுதான் என்றால் அந்த உச்சி தட்டையாகவே இருக்கும். அப்போது லாம்டாவின் இரண்டாம் தசமத்தை வைத்து யாரோடும் வாதாடாதீர்கள்.