பழ லோரிக்குப் பின்னால் செய்யக் கூடாதவை

மலேசியாவின் தாப்பா வட்டாரத்தில் காடி (கார்) ஓட்டினால் செம்பனைக் குலை ஏற்றிய லோரியைப் பார்க்காமல் வீடு திரும்ப முடியாது. அந்த லோரியைப் பல காலம் ஓட்டிய நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். வயதில் மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். லைசென்ஸ் எடுக்கும்போது யாரும் சொல்லித் தராததை அவரிடம்தான் கற்றேன்.

முதலாவது, இடப்பக்கம் நுழைவது. எஸ்டேட் முச்சந்தி குறுகலானது. நீள லோரி இடப்பக்கம் திரும்ப, முதலில் வலப்பக்கம் ஒதுங்கித்தான் வளையும். வழி விடுகிறார் என்று நினைத்து மோட்டாரில் வரும் பிள்ளைகள் அந்தச் சந்தில் நுழைந்துவிடுகிறார்கள். அதற்குள் பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வந்துவிடும். "என் கண்ணாடியில என் முகம் உனக்குத் தெரியலைன்னா, நானும் உன்னைப் பார்க்கலை தம்பி" என்பார் அண்ணன்.

அப்புறம் சிக்னல். லோரிக்காரர் இடது சிக்னல் போட்டால் முந்தலாம், வலது போட்டால் வேண்டாம் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் அவர் உண்மையிலேயே திரும்பப் போகலாம். எதிர்ச்சாலையை உங்கள் கண்ணால் பார்க்காமல் முந்தாதீர்கள். இரட்டைக் கோட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஒட்டிக்கொண்டு போவதும் தப்பு. 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 25 மீட்டர் ஓடிவிடுகிறோம். லோரி ஒரு கம்பத்தைத் தாண்டியபின் குறைந்தது இரண்டு வினாடி கழித்து நீங்கள் தாண்டுங்கள், மழையில் நான்கு. உதிரிப்பழம் விழுந்து நசுங்கிய இடத்தில் தூறல் பட்டால் சாலை வழுக்கும்.

கேமரன் மலையிலுள்ள ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் உண்டு. இன்றைய காடிகளில் கியரில் இருந்தபடி மிதியிலிருந்து காலை எடுத்தாலே பெட்ரோல் போவது நின்றுவிடும், நியூட்ரலில்தான் செலவு. பிரேக்கை மட்டுமே நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஆட்டோ காடியானாலும் குறைந்த கியருக்கு மாற்றி இறங்குங்கள்.

மழையில் நான்கு விளக்கையும் மினுக்கவிட்டு ஓட்டாதீர்கள். நீங்கள் நிற்கிறீர்களா, திரும்புகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. முன்விளக்கு போதும்.

பின் இருக்கைக்கும் பெல்ட் 2009 முதல் கட்டாயம். "எஸ்டேட்டுக்குள்ளதானே" என்று பாட்டி மறுத்தாலும், மாட்டிவிட்ட பிறகே காடியை எடுங்கள்.