கை படாத கழுதையை என்ன செய்வது: அவசர முடிவுகளும் என் பழைய தவறும்

போன மாதம் நண்பர் ஒருவர் கூப்பிட்டார். ஆள் கையே படாமல் வளர்ந்த கழுதை, ஏழெட்டு வயது இருக்குமாம். "பத்து நாள் ஆச்சு, கிட்டயே விடமாட்டேங்குது. பேசாம யாருக்காவது கொடுத்துடலாமா?" என்றார். என் முதல் கழுதைக்கு நான் கொடுத்தது ஒன்பது நாள்தான், அதனால் அவரைப் பார்த்துச் சிரிக்கவும் முடியவில்லை.

பின்னால் போய் நிற்காதே, கத்தாதே, அடிக்காதே என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதைக் கழுதையே சொல்லிக்கொடுத்துவிடும். அவசரத்தில் நாம் செய்கிற தவறுகளைத்தான் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அசையாமல் நின்றால் சாது என்று நினைப்பது

இதை நினைத்தால் இன்னமும் எனக்கு எரிச்சல் வரும், ஏனென்றால் செய்தது நான்.

என் முதல் கழுதையான அந்தப் பெண் கழுதையை நாலு பேர் சேர்ந்து மூலையில் மடக்கித்தான் தலைக்கயிறு போட்டோம். போட்டதும் கல் மாதிரி நின்றது. கழுத்தைத் தடவினேன், காதைத் தொட்டேன், முன்னங்காலைக் கூடத் தூக்கிப் பார்த்தேன், ஒன்றுமே செய்யவில்லை. "தங்கமான கழுதை" என்று சொல்லி ஒன்பதாவது நாள் சின்னப் பிள்ளைகள் இருக்கிற ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது வாரம் குளம்பு சீவ வந்தவர் பின்னங்காலைப் பிடித்திருக்கிறார், விட்டது ஒரு உதை, அவர் மணிக்கட்டு முறிந்துவிட்டது. அங்கிருந்து இன்னொரு வீடு, அப்புறம் இன்னொன்று. ஒரு வருஷம் கழித்து என்னிடமே திரும்பி வந்தபோது குளம்புகள் முனை வளைந்த செருப்பு மாதிரி வளர்ந்திருந்தன, இருபது அடி தூரத்தில் ஆளைப் பார்த்தாலே புட்டத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

குதிரை பயந்தால் ஓடும். கழுதை பெரும்பாலும் நின்று யோசிக்கும், வழியே இல்லை என்று தெரிந்தால் உறைந்துபோகும். அதைத்தான் நான் சாது என்று எடுத்துக்கொண்டேன். இப்போது பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது: உறைந்த கழுதையின் வாய் இறுகியிருக்கும், கழுத்து மரக்கட்டையாக இருக்கும், வால் ஒட்டிக்கொண்டிருக்கும், மூக்கு மேல் ஈ உட்கார்ந்தால் கூடத் தலையை உதறாது. நிஜமாகவே நிம்மதியாக நிற்கிற கழுதைக்குக் கீழ் உதடு தொங்கும், ஒரு பின்னங்காலை நுனியில் ஊன்றி ஓய்வெடுக்கும், காது இரண்டும் ஆளுக்கொரு பக்கம் எதையோ கேட்டுக்கொண்டிருக்கும்.

எளிய சோதனை ஒன்று உண்டு. கயிற்றைக் கழற்றிவிடுங்கள், போக வழி விடுங்கள். போக முடிந்தும் போகாமல் நின்றால்தான் அதற்குச் சம்மதம்.

பழக்குவதும் அதே கணக்குதான். கையை நீட்டி, அது தளர்வாக நிற்கும்போதே, விலகுவதற்கு முன்பே கையை எடுத்துவிட வேண்டும். கை விலகுகிறதே, அந்த நொடியில்தான் கழுதை பாடம் படிக்கிறது. அது புட்டத்தைத் திருப்பின பிறகு பின்வாங்கினால், திருப்பினால் ஆள் போய்விடுவான் என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். என் கழுதைக்கு இந்தப் பாடத்தை ஒவ்வொரு வீட்டிலும் பொறுமையாக நடத்தியிருக்கிறார்கள், ஆரம்பித்து வைத்தது நான். தோள்பட்டையைத் தொட விடுவதற்குப் பதினோரு வாரம் ஆனது, நாலு காலையும் தூக்க விடுவதற்கு எட்டு மாதம். ஒன்பது நாளில் நான் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்த குணம் இதுதான்.

பழக்குவதற்காகக் கூட்டாளியைப் பிரிப்பது

தனியாக விட்டால் மனுஷனைத் தேடும் என்று யாரோ கிளப்பிவிட்ட யோசனை. கழுதை தன் ஜோடியோடு அப்படி ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் சாப்பாட்டை நிறுத்திவிடும். சாப்பாடு நின்றால் உடம்பில் சேர்ந்த கொழுப்பு கரைந்து ரத்தத்தில் வந்து குவியும், கல்லீரலும் சிறுநீரகமும் கெட்டுச் சில நாட்களில் செத்தே போகலாம். குண்டான கழுதைக்கும் சினைக் கழுதைக்கும் ஆபத்து இன்னும் அதிகம். வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது, கொஞ்சம் சோர்வாக நிற்கும், தீனியில் வாயை வைத்துவிட்டு எடுக்கும், அவ்வளவுதான். கழுதை தீனியை ஒதுக்குகிறது என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்கிறீர்களா, இரண்டுக்கும் சேர்த்து எடுங்கள்.

நண்பரும் இதைச் செய்திருந்தார். கூட வந்த இன்னொன்றைப் பின்பக்கக் கொட்டிலில் அடைத்து வைத்திருந்தாராம்.

காயடிக்காத ஆண் கழுதையின் குணத்தை எடைபோடுவது

வேண்டாம். காயடித்த பிறகும் சில வாரம் பழைய வேகம் இருக்கும், அதுவும் அடங்கட்டும்.

வலியைக் குணம் என்று சொல்வது

கழுதை வலியை வெளியே காட்டாது. வளர்ந்த குளம்பு, கூராகிக் கன்னத்தைக் கிழிக்கிற பல், இதில் எது இருந்தாலும் அது நம்மைக் கிட்ட விடாது, நாம் முரட்டுக் கழுதை என்று முத்திரை குத்துவோம். மயக்க ஊசி போட்டு ஒரே தடவையில் குளம்பு, பல், தடுப்பூசி எல்லாவற்றையும் முடித்துவிடுவது நல்லது. ஆனால் குதிரைக்கான மருந்துக் கணக்கு கழுதைக்கு அப்படியே பொருந்தாது, சில மருந்துகள் அதன் உடம்பை விட்டுச் சீக்கிரம் போய்விடும். கழுதையைப் பார்த்துப் பழக்கமுள்ள மருத்துவராகத் தேடுங்கள்.

தீனி வாளியைக் காட்டிப் பிடிப்பது

கழுதைக்கு வாளி பழகிவிடும். ஆள் பழகமாட்டான்.

"யாராவது எடுத்துக்கமாட்டாங்களா"

கழுதை முப்பது வருஷம் சாதாரணமாக வாழும். ஏழு வயதுக் கழுதையைக் கொடுக்கிறோம் என்றால் அது பழகாமலே இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் எங்கேயோ இருக்கப்போகிறது என்று அர்த்தம். அதனால் நான் கேட்பது மூன்றே கேள்வி: தலைக்கயிறு போட விடுகிறதா, நாலு காலையும் கொடுக்கிறதா, ஊசி போட முடிகிறதா. இன்னும் இல்லை என்றால் புதிதாக வளர்க்க ஆசைப்படுகிறவர் வீட்டுக்கு அது போகக் கூடாது. நீங்களே வைத்துப் பழக்குங்கள், அல்லது இப்படிப்பட்டவற்றைக் கையாண்ட ஒருவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிக் கொடுங்கள், எந்தப் பக்கம் தொட விடும் என்பது உட்பட. இடம் நிறைய இருந்து, கூட்டத்தோடு மேய்ந்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தடுப்புக்குள் விட்டுக் குளம்பு சீவ வசதியும் இருந்தால், தொடவே விடாத கழுதையும் நன்றாக வாழும், அதைக் கொஞ்சியே ஆக வேண்டும் என்று ஒன்றுமில்லை. தீராத வலி, வைத்தியம் பார்க்கவும் வழியில்லை என்றால் வலியில்லாமல் முடித்துவிடுவதைப் பற்றி மருத்துவரிடம் பேசத்தான் வேண்டும். ஐந்தாவது வீட்டுக்குத் தள்ளிவிடுவதைவிட அது மேல்.

நண்பரிடம் முதலில் அந்த இன்னொரு கழுதையைச் சேர்த்து விடச் சொன்னேன். அப்புறம் தினமும் அரைமணி நேரம் உள்ளே நாற்காலி போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படிக்கச் சொன்னேன். பதினாறாவது நாள் கூப்பிட்டார், குரலில் அப்படி ஒரு சந்தோஷம், பின்னாலேயே வந்து நின்று பேப்பர் ஓரத்தை மென்றதாம். "இப்ப தொடலாமா?" என்றார். பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்து வந்துவிடச் சொன்னேன்.