வேலூர் வெயிலில் போவாவுக்குப் பெட்டி

சாரை, மலைப்பாம்பு போன்ற நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். போவா என்ற வெளிநாட்டுப் பாம்பு என்றாலும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். அதை முடித்துவிட்டு, பாம்புக்குப் பெட்டி செய்யத் தச்சரிடம் போங்கள்.

ஆறடிப் பாம்புக்கு ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமாவது வேண்டும். சாதாரண பிளைவுட் ஈரத்தில் உப்பிவிடும். ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளை வாங்குங்கள். மூலைகளில் சிலிகான் அடித்து, வாடை முழுதாகப் போகும்வரை காத்திருங்கள்.

குளிர்நாட்டுக் குறிப்புகள் சூடாக்குவதைப் பற்றியே பேசும். நம் சிக்கல் நேர்மாறு. கத்திரியில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். போவாவுக்குப் பெட்டியின் ஒரு முனை 32, மறுமுனை 26 டிகிரி போதும். அதனால் மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையும் மேற்குச் சுவரும் வேண்டவே வேண்டாம். கீழ்வீட்டு நடு அறைதான் சரி. பெட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒன்றில் தாழ்வாகவும் இன்னொன்றில் உயரமாகவும் காற்றுத்துளை போட்டால் சூடு தேங்காது.

மார்கழிக் குளிருக்கு விளக்கு மாட்டினால், சூடு அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட் கட்டாயம். விளக்கைச் சுற்றிக் கம்பிக்கூடும் வேண்டும், இல்லையென்றால் பாம்பு அதில் சுருண்டு சுட்டுக்கொள்ளும். அப்புறம் கண்ணாடிக் கதவுக்குப் பூட்டு: மூக்கால் முட்டியே நகர்த்திவிடும்.