தீவுக்காட்டு இலை வண்டுகள்: பிடிப்பதில் தொடங்கிப் பெயர் வைப்பது வரை

இலை வண்டுக் குடும்பமான கிரைசோமெலிடேயில் இதுவரை 35,000க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வெப்பமண்டலத் தீவுகளில் பெயரில்லாதவை இன்னும் நிறைய உண்டு. ஆனால் அப்படி ஒன்றைப் பிடிப்பது எளிது. அது உண்மையிலேயே பெயரில்லாததுதானா என்று நிரூபிப்பதில்தான் பெரும்பாடு. புதிதாக வருபவர்கள் இடறும் இடம் பெரும்பாலும் நிறம். மஞ்சள் உடம்பில் இரண்டு கறுப்புப் புள்ளி உள்ள ஒன்றையும் குறுக்கே பட்டை ஓடும் ஒன்றையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு இனம் போலத்தான் தெரியும். இரண்டும் ஒரே தாய் இட்ட முட்டைகளிலிருந்து வந்தவையாக இருக்கலாம். மோனோலெப்டா போன்ற பேரினத்தில் இதற்கு நேர்மாறாக, அச்சில் வார்த்தது போன்ற வண்டுகளை அறுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் கலந்து கிடக்கும். அதனால் கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் நிறத்தை நம்பாமல் வேலை செய்வதற்கான வழி.

காட்டுக்குள் போகும் முன்

சேகரிக்கும் அனுமதி, மாதிரியை நாட்டுக்கு வெளியே அனுப்பும் அனுமதி, இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். உயிரியல் வளங்களை எடுப்பது, பயனைப் பகிர்வது பற்றிய சர்வதேச ஒப்பந்தமான நகோயா நெறிமுறை 2014-இல் நடைமுறைக்கு வந்த பிறகு, அனுமதி எண் இல்லாத மாதிரிகளைப் பல அருங்காட்சியகங்கள் வாங்குவதே இல்லை. வண்டு எவ்வளவு அரிதானதாக இருந்தாலும் இது மாறாது.

எங்கே தேடுவது

முதலில் வண்டைத் தேடாதீர்கள், கடித்த தடத்தைத் தேடுங்கள். சல்லடை போல நுண்துளைகள் விழுந்த இளம் இலை என்றால் துள்ளிக் குதிக்கும் தெள்ளு வண்டாக இருக்கலாம். நரம்புக்கு இணையாக நீளக்கோடாகச் சுரண்டிய தாழை, பனை, இஞ்சி வகை இலைகளில் ஹிஸ்பைன்கள் எனப்படும் தட்டை வண்டுகள் இருக்கும். விரியாத குருத்தைப் பிரித்துப் பாருங்கள். கொடிவள்ளி, சர்க்கரைவள்ளி வகைச் செடிகளின் இலையில் வட்ட ஓட்டைகள் இருந்தால் இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டினால் ஆமை வண்டு கிடைக்கும். காட்டுப் பூசணி வகைக் கொடிகளில் ஆலாகோஃபோரா என்ற பேரினத்தின் வண்டுகள்.

பகலில் ஒரு மீட்டர் அகல வெள்ளைத் துணியைக் கிளைக்குக் கீழே பிடித்து, கிளையைக் கம்பால் மூன்று முறை படாரென்று தட்டுங்கள். மெதுவாகத் தட்டினால் வண்டு பிடியை இறுக்கிக்கொள்ளும். துணியில் விழுந்ததை வாயுறிஞ்சிக் குழாயால் உடனே எடுத்துவிட வேண்டும், தெள்ளு வண்டுகள் இரண்டு விநாடிகூடக் காத்திருக்காது. யூமோல்பினே துணைக்குடும்பத்தில் பல இரவில்தான் இலைக்கு ஏறும். பகலில் மட்டும் தேடிவிட்டு 'இந்த மலையில் இல்லை' என்று எழுதிவிடக் கூடாது. இருட்டியபின் தலைவிளக்கோடு அதே பாதையில் மறுபடி நடங்கள்.

தீவுகளில் பலர் விட்டுவிடும் இடம் பாசி. முகில்காட்டு மரத்தண்டுகளில் படர்ந்த பாசியைப் பிய்த்துச் சல்லடையில் உதறி, பின் விளக்கு வைத்த புனலில் இரண்டு மூன்று நாள் காயவிட்டால், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் உருண்டையான, பறக்க முடியாத தெள்ளு வண்டுகள் கீழே இருக்கும் குப்பிக்குள் இறங்கும். கரீபியத் தீவுகளில் கிஸ்கேயா என்ற பேரினமே இப்படிப் பாசியிலிருந்து வெளிப்பட்டதுதான். ஒரு மலையின் அடிவாரம், நடு, உச்சி மூன்றிலும் தனித்தனியாக எடுங்கள். பறக்காத வண்டு அடுத்த மலைக்குப் போகாது. அதனால் பக்கத்து உச்சியில் இருப்பது வேறு இனமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எந்தச் செடி?

இலையில் உட்கார்ந்திருப்பது வேறு, அதைத் தின்பது வேறு. தட்டி விழுந்த வண்டுக்கு மேலேயிருந்த மரத்தை உணவுச் செடி என்று எழுதுவது மிகப் பழைய பிழை, இன்னும் நடக்கிறது. உயிரோடு இரண்டு மூன்றை, சந்தேகப்படும் செடியின் சுத்தமான இலையோடு ஒரு டப்பாவில் 24 மணி நேரம் வையுங்கள். கடித்த தடமும் எச்சமும் இருந்தால் மட்டும் 'தின்றது' என்று குறியுங்கள். இல்லையென்றால் 'மேல் இருந்தது' என்று எழுதினால் போதும். செடியிலிருந்து பூ அல்லது காயோடு ஒரு கிளையை எடுத்துத் தாளில் அழுத்திக் காயவைத்து, வண்டின் எண்ணையே அதற்கும் கொடுங்கள். வெறும் இலையை வைத்து வெப்பமண்டலச் செடிக்குப் பெயர் சொல்வது தாவரவியலாளருக்கே கடினம்.

கொல்வது, பதப்படுத்துவது

பிடித்ததை இரண்டாகப் பிரியுங்கள். உருவம் பார்க்க வேண்டியவை எத்தில் அசிடேட் குப்பிக்கு. டி.என்.ஏ. எடுக்க வேண்டியவை நேராக 96% எத்தனாலுக்கு. எத்தில் அசிடேட் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும் என்பதால் ஒரே வண்டு இரண்டுக்கும் உதவும் என்று நம்ப வேண்டாம். குப்பியில் வண்டுகள் கால்பங்குக்கு மேல் போகக் கூடாது. உடம்பிலுள்ள நீர் வெளியேறி எத்தனாலை நீர்க்கச் செய்துவிடும், அதனால் மறுநாள் ஒருமுறை புதிய எத்தனால் மாற்றுங்கள்.

ஆமை வண்டுகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். உயிரோடு இருக்கும்போது உருக்கிய பொன்போல மின்னுவது, செத்து உலர்ந்ததும் மங்கிய பழுப்பாகிவிடும். அந்தப் பொன்னிறம் சாயத்தால் வருவதல்ல. ஓட்டுக்குள் அடுக்கடுக்காக ஈரம் இருக்கும்வரை ஒளி அப்படித் திரும்புகிறது. ஈரம் போனால் நிறமும் போய்விடும். கொல்வதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள், படத்தின் எண்ணை லேபிளிலும் எழுதுங்கள்.

லேபிள்

நாடு, தீவு, இடம், அட்சரேகை தீர்க்கரேகை, கடல்மட்ட உயரம், தேதி, பிடித்தவர், முறை, செடி. மாதத்தை ரோமன் எண்ணில் எழுதும் வழக்கம் உண்டு; நாளும் மாதமும் இடம் மாறிக் குழம்பாது. தீவின் பெயரை மட்டும் எழுதி விடாதீர்கள். ஒரே தீவில் இரண்டு மலைகளில் இரண்டு இனம் இருக்கும்போது அந்த லேபிளால் ஒரு பயனும் இல்லை. எத்தனாலுக்குள் பென்சில் எழுத்து நிற்கும், பேனா மை கரைந்து ஓடிவிடும்.

ஒட்டுவது

8 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் வலது முன்சிறகின் வழியாக ஊசி குத்தலாம். அதற்குச் சிறியதை முக்கோணமாக வெட்டிய அட்டை முனையில், வலப்பக்க மார்பு ஓரத்தில் ஒரு துளி நீரில் கரையும் பசையால் ஒட்டுங்கள். பசை அதிகமானால் அடிவயிறும் கால்களும் மூடிப்போய், பிறகு பார்க்க வேண்டிய அடையாளங்களே மறைந்துவிடும்.

இலை வண்டுதானா? எந்தத் துணைக்குடும்பம்?

பாதத்தைப் பாருங்கள். நான்கு கணு போலத் தெரியும், மூன்றாவது இரண்டு மடலாகப் பிரிந்திருக்கும். அந்த மடல்களுக்கு நடுவே, கடைசிக் கணுவின் அடியில் ஒளிந்திருக்கும் குட்டிக் கணுதான் உண்மையான நான்காவது. நீண்டகொம்பு வண்டுகளுக்கும் இதே பாதம்தான். ஆனால் அவற்றின் உணர்கொம்பு சின்ன மேட்டிலிருந்து கிளம்பும், முதுகுப்பக்கம் மடித்து வைக்க முடியும். கண்ணும் பெரும்பாலும் கொம்பின் அடியைச் சுற்றி வளைந்திருக்கும்.

அடுத்து இரண்டு உணர்கொம்புகளின் அடிகளுக்கு இடையேயான தூரம். கண்களுக்கு நடுவில் ஒன்றையொன்று நெருங்கி இருந்தால் கலெருசினே பக்கம் போங்கள். அதோடு பின்தொடை உப்பியிருந்தால் தெள்ளு வண்டு. அந்தத் தொடைக்குள் சுருள்வில் போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. 1929-இல் அதை விளக்கிய சமரேந்திர மௌலிக்கின் பெயரால் மௌலிக் உறுப்பு என்கிறார்கள். தொடை லேசாகத்தான் உப்பியிருக்கிறது, முடிவுக்கு வர முடியவில்லை என்றால் தொடையைக் கழற்றிக் காரத்தில் தெளியவைத்துப் பாருங்கள். வில் உள்ளே தெரியும், அல்லது தெரியாது.

கொம்புகள் விலகி நின்று, மூன்றாம் கணு ஆழமாகப் பிளந்து, முன்காலின் அடி உருண்டையாக இருந்தால் யூமோல்பினே. நியூ கலிடோனியாவில் இந்தக் கூட்டம் வியக்கத்தக்க அளவுக்குப் பெருகிக் கிடக்கிறது. முன்காலின் அடி குறுக்கே நீண்டிருந்தால் கிரைசோமெலினே. மார்பு ஒடுங்கி, அதன் பக்கத்தில் விளிம்புக்கோடு இல்லாமல் இருந்தால் கிரையோசெரினே. தலை மார்புக்குள் புதைந்து உடல் உருளையாக இருந்தால் கிரிப்டோசெஃபாலினே. பெண்ணின் அடிவயிற்றில் ஒரு குழி இருக்கும், முட்டைக்கு எச்சத்தால் உறை பூச அது பயன்படும். ஆமை வண்டுகளும் ஹிஸ்பைன்களும் இன்று கசிடினே என்ற ஒரே துணைக்குடும்பம்.

தீவில் ஒரு கண்ணி உண்டு. பின்சிறகு சுருங்கிய வண்டுகளுக்கு முன்சிறகின் தோள்மேடு மறைந்து, தோள் சரிந்து, உடல் உருண்டுபோகும். இது ஒன்றுக்கொன்று உறவில்லாத பல கிளைகளில் தனித்தனியாக நடந்திருக்கிறது. உருண்டையானவற்றையெல்லாம் ஒரே பேரினத்தில் தள்ளிவிடாதீர்கள். ஒரு முன்சிறகை மெதுவாகத் தூக்கிப் பின்சிறகின் நீளத்தை எழுதிவிட்டு, பேரினத்தை முடிவு செய்ய மார்பின் அடிப்பக்கத்தையும் முன்காலின் அடிக்குழி மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அறுவை

இனத்தை முடிவு செய்வது பெரும்பாலும் இங்கேதான். அவசரப்பட வேண்டாம்.

உலர்ந்த வண்டை 15 நிமிடம் சூடான நீரில் போடுங்கள், கொதிக்கும் நீர் வேண்டாம். வயிறு இளகியதும் நுண்ணிடுக்கியால் வயிற்றை மட்டும் பிரித்தெடுத்து, 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூட்டுக்குளியலில் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். திரவம் தேநீர் நிறமாக மாறும்போது தசை கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பிறகு நீரில் அலசி, ஒரு துளி வினிகரில் நனைத்து, மறுபடி நீரில் அலசுங்கள். காரம் மிச்சமிருந்தால் மாதங்கள் கழிந்தும் உறுப்பை அரித்துக்கொண்டே இருக்கும்.

ஆணின் உறுப்பு பழுப்பு நிறத்தில் வளைந்த குழாய் போல இருக்கும். வயிற்றுக்குள் அது பக்கவாட்டில் சாய்ந்து கிடப்பதால், எந்தப் பக்கம் மேல் என்பதில் குழப்பம் வருவது இயல்பு. நுனியில் திறப்பு இருக்கும் பக்கத்தை மேல் என்று வைத்து, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் இரண்டு படம் வரையுங்கள். மேலிருந்து ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நுனிகள் பக்கவாட்டில் ஒன்று நேராகவும் ஒன்று கொக்கி போலவும் இருக்கும். கூட்டுப்புழுவிலிருந்து சற்று முன் வந்த ஆணில் உறுப்பு கெட்டியாகியிருக்காது, சுருங்கிக் கோணலாகிவிடும். முன்சிறகு வெளிறி மென்மையாக இருந்தால் அந்த வண்டை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுங்கள்.

பெண்ணில் தேட வேண்டியது விந்துப்பை. கொக்கி வடிவில் கெட்டியான அந்தத் துணுக்கு சவ்வுக்குள் மிதக்கும். அலசும்போது நீரோடு போய்விடுவது வழக்கம், அதனால் குழிந்த கண்ணாடியில் நுண்ணோக்கிக்குக் கீழேயே அலசுங்கள். வெட்டிய பாகங்களைக் கிளிசரின் துளியிட்ட நுண்குப்பியில் போட்டு அந்த வண்டின் ஊசியிலேயே செருகுங்கள். தனியே வைத்தால் எது எதனுடையது என்று ஒரு வருடத்தில் மறந்துபோகும்.

குறைந்தது ஐந்து ஆணை அறுங்கள். ஒன்றை மட்டும் அறுத்தால் அது இனத்தின் வேறுபாடா, அந்த ஒரு வண்டின் கோணலா என்று சொல்ல வழியில்லை.

புதியதுதானா?

பிரிட்டிஷ் இயற்கையியலாளர் ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ் 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுக்கூட்டத்தில் சேர்த்த 1,25,660 மாதிரிகளில் 83,200 வண்டுகள். அவற்றிலிருந்த இலை வண்டுகள் பலவற்றுக்கு ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ஜோசப் சுகர் பேலி பெயர் வைத்தார். அந்தக் கால விவரிப்புகள் சில வரிகள் லத்தீனில், நிறத்தைப் பற்றியே அதிகம் பேசும். அவற்றை மட்டும் படித்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் போன்ற இடங்களில் இருக்கும் வகை மாதிரியையே, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமாக வைத்த மூல வண்டையே, பார்க்க வேண்டும், குறைந்தபட்சம் அதன் உறுப்பின் படத்தையாவது கேட்டுப் பெறுங்கள். பழைய லேபிளில் 'டோரி' என்றிருந்தால் அது நியூகினியிலுள்ள இன்றைய மனோக்வாரி. 'ஜிலோலோ' ஹல்மஹேரா, 'செலிபஸ்' சுலாவெசி. இது தெரியாமல் வேறு இடம் என்று ஒதுக்கினால் ஒரே வண்டுக்கு இரண்டு பெயர் வந்துவிடும்.

உங்கள் தீவின் பட்டியலோடு நிறுத்தாமல் அக்கம்பக்கத் தீவுகளையும் கண்டத்தையும் பாருங்கள். தென்னங்குருத்தைத் தின்னும் பிரான்டிஸ்பா லாங்கிசிமா நியூகினி, இந்தோனேசியப் பகுதியைச் சேர்ந்தது. அலங்காரப் பனைக் கன்றுகளோடு மாலத்தீவு வரை வந்து சேர்ந்தது. துறைமுகம், நாற்றுப்பண்ணை அருகே கிடைத்த 'புதிய' வண்டை இருமடங்கு சந்தேகப்படுங்கள். கலெருசினேயில் சிலவற்றில் ஆணின் கொம்போ முன்சிறகோ விகாரமாக மாறியிருக்கும், பெண் சாதாரணமாக இருக்கும். இரண்டுக்கும் தனிப்பெயர் வைத்த கதைகள் நிறைய உண்டு.

டி.என்.ஏ. பற்றி

உட்கருவுக்கு வெளியே மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சி.ஓ.ஐ. மரபணுவின் 658 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள துண்டு, ஒரே இனத்தின் ஆணைப் பெண்ணோடும் புழுவை வண்டோடும் சேர்த்துவைக்க அருமையான கருவி. அதை வைத்து மட்டும் புது இனம் என்று அறிவிக்காதீர்கள். பூச்சிகளின் உயிரணுக்களுக்குள் வாழும் வோல்பேக்கியா பாக்டீரியாவும், உட்கருவுக்குள் புகுந்த அந்த மரபணுவின் போலிப் பிரதிகளும் பொய்யான வேறுபாட்டைக் காட்டும். வண்டின் குடலில் செடியின் டி.என்.ஏ.வும் இருக்கும், பசுங்கணிக மரபணுவைப் படித்தால் கடைசியாக எதைத் தின்றது என்பதும் தெரிந்துவிடும்.

பெயர் வைத்தல்

உறுப்பு முழுதாக உள்ள, உடையாத ஒரு ஆணை ஹோலோடைப்பாக, அதாவது பெயருக்கு ஆதாரமான ஒரே மாதிரியாக, தேர்ந்தெடுத்துச் சிவப்பு லேபிள் குத்துங்கள். விவரிப்புக்குப் பயன்பட்ட மற்றவை பாராடைப். கட்டுரையில் இது புது இனம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், நெருங்கிய இனத்திலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று எழுத வேண்டும், ஹோலோடைப் எந்த நிறுவனத்தில் இருக்கும் என்றும் குறிக்க வேண்டும். 1999-க்குப் பிறகு வைத்த பெயர்களுக்குக் கடைசி விதியும் கட்டாயம். இதழ் இணையத்தில் மட்டும் வருவதாக இருந்தால் முன்பே விலங்குப் பெயர்களின் அதிகாரபூர்வ இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிந்து, அந்தப் பதிவைக் கட்டுரைக்குள்ளேயே காட்ட வேண்டும். மறந்தால் அந்தப் பெயர் செல்லாது. வேறொருவர் முறையாக வெளியிட்டால் அவருடைய பெயர்தான் நிற்கும்.

இனப்பெயர் லத்தீன் பெயரடையாக இருந்தால் பேரினத்தின் பாலுக்கு ஏற்ப ஈறு மாறும், அகராதியில் சரிபாருங்கள். தீவின் பெயரை இனத்துக்கு வைக்க ஆசை வரும். அந்தத் தீவின் எல்லா மலைகளிலும் தேடிப் பார்க்கும்வரை காத்திருங்கள். அடுத்த உச்சியில் அதன் உறவுக்கார வண்டு ஒன்று பெயரில்லாமல் இருக்கக்கூடும்.